அண்மையில் பார்த்தவையும் ஒரு வெறியாட்டும்

பருவத் தேர்வு விடைத்தாள்களைத் திருத்தி முடித்தபின் கிடைக்கும் பத்துப் பதினைந்து நாள்களே நமக்குத் திரைப்படம் பார்க்கும் காலம். மதுரையில் திரையரங்குகளுக்குப் பஞ்சமில்லை. ஆயினும் இப்போதெல்லாம் காளவாசல் வீட்டுக் கூடத்தில், இரவு உணவுக்குப் பிறகு, ஓடிடியில்தான் பெரும்பாலும் பார்க்கிறோம். படம் வெளிவந்து ஓராண்டு ஈராண்டு கழித்துப் பார்ப்பதில் ஒரு வசதி உண்டு. புகழ்ந்தோரும் இகழ்ந்தோரும் ஓய்ந்திருப்பர். நாம் நம் போக்கில் பார்க்கலாம். இந்த விடுமுறையில் பார்த்தவை பற்றித் தோன்றியவற்றை இங்கே எழுதிவைக்கிறோம். விமர்சனம் என்று கொள்ள வேண்டா. இடையிடையே கதை முடிவுகளும் வந்துவிடும். பார்க்காத நண்பர்கள் பார்த்துவிட்டு வந்தும் படிக்கலாம்.

முதலில் 'சுழல்'. புஷ்கர் – காயத்ரி உருவாக்கிய இத்தொடரின் முதற்பருவம் 2022-இல் அமேசான் பிரைமில் வந்தது; இரண்டாம் பருவம் 2025-இல். ஒரு சிற்றூரில் பெண்ணொருத்தி காணாமற்போகிறாள். அதே நாள்களில் ஊரில் மயானக் கொள்ளைத் திருவிழா. விழாவைப் பெரும் பொருட்செலவில் எடுத்திருக்கிறார்கள், கண்ணுக்கு நிறைவுதான். ஆனால் அங்காளம்மன் ஆடி வரும்போது மெய்சிலிர்க்க வேண்டிய நாம், அடுத்த ஐயம் யார்மேல் விழும் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தோம். துப்பறியும் கதைக்குப் பின்னால் தொங்கவிட்ட ஓவியத் திரையாகத் திருவிழா நின்றுவிட்டது என்பது நம் குறை. இரண்டு இரவுகளில் எட்டுப் பகுதிகளையும் பார்த்து முடித்தோம் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அடுத்து, 2023-இல் ஜீ5 தளத்தில் வந்த 'அயலி'. முத்துக்குமார் இயக்கியது. 1990களின் தொடக்கத்தில், பெண்கள் பூப்பெய்தியதும் படிப்பை நிறுத்தி மணமுடித்துவிடும் வழக்கமுள்ள ஊர்; அங்கே தமிழ்ச்செல்வி என்ற சிறுமி, தான் பூப்பெய்தியதை மறைத்துப் பள்ளிக்குப் போகிறாள். சில இடங்களில் மேடைப் பேச்சின் சாயல் தூக்கல். ஆனால் நம்முடன் அமர்ந்து பார்த்த, எட்டாம் வகுப்போடு நிறுத்தப்பட்ட பெரியம்மா ஒருவர், சிரிக்க வேண்டிய இடங்களில் அழுதார். அழ வேண்டிய இடங்களில் சிரித்தார். அவ்வளவு நுட்பமான விமர்சனத்தை நம்மால் எழுத இயலாது.

'மெய்யழகன்' (2024) பிரேம்குமாரின் படம். திரைக்கு வந்தபின் ஏறத்தாழ 18 நிமிடங்கள் குறைத்தார்கள். வீட்டை இழந்து ஊரைவிட்டுப் போனவன், பல்லாண்டு கழித்து ஒரு திருமணத்துக்காகத் தஞ்சைக்கு வருகிறான். உறவினன் ஒருவன் அவன்மேல் அன்பைக் கொட்டுகிறான். வந்தவனுக்கோ அவன் பெயரே நினைவில்லை. பெயரைக் கேட்கவும் நாணம். இந்த ஒரு முடிச்சை வைத்துக்கொண்டு ஓரிரவு முழுவதையும் நடத்திச் செல்வது எளிதன்று. இப்படம் நீளம் என்பார்க்கு, விருந்தோம்பலே நீளமானதுதான் என்பது நம் விடை.

இவற்றையெல்லாம் பார்த்து மகிழ்ந்து மறந்திருப்போம். மறக்கவிடாமற் செய்தவை மேலூர்ப் பக்கத்துப் பி.எஸ். வினோத்ராஜின் இரு படங்கள்.

'கூழாங்கல்' 2021-இல் ராட்டர்டாம் திரைப்பட விழாவில் டைகர் விருது பெற்றது; அவ்வாண்டு ஆஸ்கர் போட்டிக்கு இந்தியாவின் சார்பில் அனுப்பப்பட்டது; 2023-இல்தான் சோனி லிவ் தளத்தில் பொதுமக்கள் பார்வைக்கு வந்தது. கோபித்துக்கொண்டு பிறந்தகம் போன மனைவியை அழைத்துவரக் குடிகாரக் கணவன் மகனை இழுத்துக்கொண்டு போகிறான். வெறுங்கையோடு வெயிலில் நடந்தே திரும்புகிறான். கதை இவ்வளவே. கணவன் வீட்டிலிருந்து விரட்டப்பட்டுக் கைக்குழந்தையோடு நடந்தே வந்த தம் சகோதரியின் துயரமே இதன் விதை என இயக்குநர் சொல்லியிருக்கிறார். தாகம் தணிக்க வாயில் போட்டுக்கொண்ட கூழாங்கல்லைச் சிறுவன் வீட்டுக்குக் கொண்டுவந்து வைக்கும் இடத்தில் ஏற்கெனவே பல கற்கள் கிடக்கின்றன. எத்தனை நடைகள் நடந்திருக்கிறான் என்பதை ஒரு சொல்லும் இல்லாமல் சொல்லிவிடுகிறார்.

'கொட்டுக்காளி' 2024 பிப்ரவரியில் பெர்லின் விழாவிலும் ஆகஸ்டு 23-இல் திரையரங்குகளிலும் வந்தது. பிடிவாதக்காரி என்பது பெயரின் பொருள். கல்லூரிக்குப் போன மீனா வேறு சாதி இளைஞனை விரும்புகிறாள். அவன் ஏதோ வசியம் வைத்துவிட்டான், பெண்ணுக்குப் பிடித்திருக்கிறது என்று முடிவு செய்த குடும்பம், அவளை ஆட்டோவில் ஏற்றி, பலிகொடுக்கச் சேவலையும் உடன் வைத்துக்கொண்டு, சாமியாரிடம் புறப்படுகிறது. அவளுக்கு உறுதி செய்யப்பட்ட முறைமாப்பிள்ளை பாண்டி (சூரி) இருசக்கர வண்டியில் வருகிறான். அன்னா பென் நடித்த மீனா ஏறக்குறைய வாய் திறப்பதே இல்லை. பின்னணி இசையும் இல்லை. வண்டி ஓசை, காற்று, சேவலின் கொக்கரிப்பு மட்டுமே. நம் சன்னலுக்கு வெளியே ஓடிய காளவாசல் பேருந்துகளின் ஒலிப்பான்கள் படத்துக்குள் புகுந்துகொண்டன; எது படத்தின் ஒலி, எது தெருவின் ஒலி என்று சில இடங்களில் தெரியவில்லை.

இருபதாண்டுகளாக அகத்துறைகளைப் பாடம் நடத்துகிற நமக்குக் கால்மணி நேரத்திலேயே இது என்ன துறை என்று விளங்கிவிட்டது. வெறியாட்டு! களவில் ஒழுகும் தலைவி மெலிகிறாள், வளை கழல்கிறது, காரணம் அறியாத தாய், கட்டுவிச்சியைக் குறி பார்க்கச் சொல்கிறாள், முருகு அணங்கியது என்று விடை வர, வேலன் வருகிறான், மறி அறுக்கப்படுகிறது. இத்துறையைப் பாடியே பெயர்பெற்றவர் வெறிபாடிய காமக்கண்ணியார். அவருடைய அகநானூற்றுப் பாட்டொன்றில் (22), வெறியாடிய இரவிலேயே தலைவன் வந்து சேர, நோய் தீர்ந்த தலைவி வேலனை எண்ணி உள்ளுக்குள் நகைக்கிறாள். நற்றிணையிலோ முருகனையே அறியாதவன் என்று இடித்துரைக்கும் பாட்டும் உண்டு. வேலனிடத்தில் சாமியார், மறியின் இடத்தில் சேவல். ஈராயிரம் ஆண்டில் மாறியது ஆட்டோ மட்டுமோ என்று எண்ணினோம்.

விடுமுறை முடிந்து வெறியாட்டுப் பாடம் வந்தபோது வகுப்பில் இதைச் சொன்னோம். மாணவர் சிலர் படத்தை முன்னரே பார்த்திருந்தனர். நடு வரிசையிலிருந்து ஒருவர், "ஐயா, அப்படியானால் தோழி எங்கே?" என்று கேட்டார். நல்ல வினா. தோழி இல்லாமல் அத்துறை நிறைவுறாது. உண்மையைத் தோழி செவிலிக்குச் சொல்ல, செவிலி நற்றாய்க்குச் சொல்ல, அவள்வழி தந்தைக்கும் தமையர்க்கும் உண்மை படிப்படியாக ஏறும். அறத்தொடு நிற்றல் என்று இதற்குப் பெயரிட்டார்கள். கபிலரின் குறிஞ்சிப்பாட்டு 261 அடிகளும் இப்படி ஒரு தோழியின் பேச்சுத்தான். மீனாவுக்குத் தோழி இல்லை. உடன் வரும் பெண்கள் எல்லாரும் உறவினர், எல்லாருக்கும் காதல் தெரியும், எவரும் பேசவில்லை. காற்றில் வந்த பாட்டொன்றை மீனா முணுமுணுத்ததற்குப் பாண்டி அடிக்கிறான். தடுக்க வந்தவர்களுக்கும் அடி விழுகிறது. உண்மை ஏறிச்செல்ல வேண்டிய படிகள் அங்கேயே உடைந்துவிடுகின்றன.

சங்கத் தாய் காரணம் தெரியாமல் வேலனை அழைத்தாள். இவர்களோ தெரிந்துகொண்டே சாமியாரிடம் போகிறார்கள். இதுதான் வேறுபாடு என்று சொல்லி முடிக்க எண்ணினோம். அப்போது பின்வரிசையில், அதிகம் பேசாத மாணவி எழுந்தார். "பேய் என்று சொன்னால்தான் ஐயா அவளை உயிரோடு விடுவார்கள்" என்றார். வகுப்பு சிறிது நேரம் ஓசையின்றி இருந்தது.

நாம் இதை எண்ணியிருக்கவில்லை. சாமியாரை மூடநம்பிக்கை என்று மட்டுமே பார்த்தோம். அந்த வீட்டில் அவர் ஒரு தவணையும் ஆவார். குற்றம் பேயின்மேல் இருக்கும்வரை பெண்ணின்மேல் இல்லை. பேய் இல்லை, இது அவள் விருப்பமே என்று எல்லார் முன்னும் நிறுவப்பட்டால் அடுத்து என்ன? 2015-இல் கொல்லப்பட்ட கோகுல்ராஜ் வழக்கில், 2022 மார்ச்சில், பத்துப் பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது நம் மதுரையிலுள்ள சிறப்பு நீதிமன்றந்தான். நம் மாணவியர் அந்தச் செய்திகளையெல்லாம் படித்து வளர்ந்தவர்கள். நாம் துறை என்று பாடம் சொல்வதை அவர்கள் வீட்டு நடப்பாகக் கேட்கிறார்கள்.

அன்று வகுப்புக்கு ஒரு பயிற்சி கொடுத்தோம்: மீனாவுக்கு ஒரு தோழி இருந்திருந்தால் என்ன பேசியிருப்பாள், ஒரு பக்கம் எழுதி வருக. பெரும்பாலோர் தாயிடம் பேச வைத்தனர். ஒரு மாணவர் பாண்டியிடமே பேச வைத்திருந்தார். படத்தின் இறுதியில், இன்னொரு பெண்ணுக்குச் சாமியார் பேயோட்டுவதைப் பாண்டி நின்று பார்க்கிறான். அவள் உடலில் அந்தக் கை படுவதையும் பார்க்கிறான். அவன் என்ன செய்தான் என்று சொல்லாமலே படம் நின்றுவிடுகிறது. அந்த மாணவரின் தோழி, "மாமா, நீங்களே பார்த்துவிட்டீர்கள், இனி நான் சொல்ல என்ன இருக்கிறது" என்று தொடங்குகிறாள். நன்றாக இருந்தது.

பின்வரிசை மாணவியின் தாளில் நான்கே வரி. தோழி தாயிடம் சொல்கிறாள்: பேய்தான் அத்தை. ஆனால் உடனே விரட்டக்கூடாதாம். ஒரு வருடம் பொறுக்க வேண்டுமாம். அதுவரை படிப்பை நிறுத்தினால் இன்னும் உக்கிரமாகுமாம்.

உண்மையைச் சொல்வதற்குத்தான் நம் இலக்கணத்தில் அறத்தொடு நிற்றல் என்று பெயர். இந்தத் தோழி முழுப் பொய் சொல்கிறாள். இறுதித் தேர்வு வரை அவளுக்குக் காலம் வாங்கிக் கொடுக்கிறாள். இதை எந்தத் துறையில் வைப்பது என்று இரண்டு நாள் யோசித்து, அறத்தொடு நிற்றல் என்றே ஓரத்தில் எழுதி முழு மதிப்பெண் இட்டுக் கொடுத்தோம். மாணவி வாங்கிப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல், மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

'கொட்டுக்காளி'யில் ஒரு காளை சாலையை மறித்து நிற்கும் காட்சி உண்டு. ஆண்கள் அத்தனை பேரும் தயங்கி நிற்க, ஒரு சிறுமி வந்து அதை எளிதாக நடத்திச் செல்வாள். நண்பர்கள் அந்தக் காட்சிக்காகவேனும் படத்தைப் பார்க்க வேண்டும். அலைபேசியை எட்ட வைத்துவிட்டுப் பார்ப்பது நலம்.