கணக்குக் காட்டாதவன் பெயர் குடத்தில் விழாது

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயிலின் சுவரை ஒட்டி நிற்கிறேன். கல்லெங்கும் எழுத்து. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919-லும் 921-லும் வெட்டிய குடவோலைக் கல்வெட்டுகள். பள்ளிப் பாடத்தில் தேர்தல் என்று படித்தோம். இங்கே ஒவ்வொரு விதியாகப் பார்த்துக்கொண்டு வரும்போது, ஆளுகிறவர்களை எளிதில் நம்பிவிடாத ஓர் ஊர்தான் கண்ணில் படுகிறது.

குடும்பு என்ற முப்பது ஊர்ப் பகுதிகளிலும் தகுதியுள்ளோர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இடவேண்டும். எல்லோரும் காணக் குடத்தைத் தூக்கிக் காட்டவேண்டும். ஓலை எடுப்பவன் ஒன்றும் அறியாத சிறுவன். அதை வாங்கும் மத்தியஸ்தன் ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில் ஏற்கவேண்டும். விரலிடுக்கில் வேறு ஓலை ஒளிந்திருக்கக் கூடாதல்லவா! அவன் வாசித்த பெயரை மண்டபத்தில் இருக்கும் நம்பிமாரும், அதாவது கோயில் பூசகர்களும், வாசிக்கவேண்டும். வாரியம் என்ற ஊர்க் குழுவில் பதவி 360 நாள்.

முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் பெயரை எழுதவே கூடாது. அவனுடைய தகப்பன், மகன், மருமகன், மாமனார், மைத்துனன், சித்தி பெரியம்மா பிள்ளைகள் என்று உறவு முழுவதும் விலக்கு. 919-இல் செய்த ஏற்பாட்டை இரண்டே ஆண்டில் திருத்தியும் இருக்கிறார்கள். தீயவர் கெட்டு நல்லவர் தழைக்க என்று அதற்குக் காரணமும் கல்லிலேயே இருக்கிறது. போட்ட விதி போதவில்லை என்பதை மறைக்காத நிர்வாகத்தின் மீது எனக்குப் பெரிய மரியாதை.

ஆனால் இது பிராமணர் ஊர்ச் சபை. பொதுவாக, கால் வேலிக்கு மேல் இறை செலுத்தும் நிலம், சொந்த மனையில் வீடு, வேதக் கல்வி எல்லாம் இருந்தால்தான் பெயர் குடத்துக்குள் போகும். உழுத கைகளுக்கு அங்கே இடமில்லை. இதைச் சொல்லாமல் குடவோலையைக் கொண்டாட எனக்கு மனமில்லை.

கோயிலுக்கு வந்திருந்த பக்கத்துக் கிராமத்துப் பெரியவர் ஒருவரிடம் இன்றைய கிராம சபை பற்றிக் கேட்டேன்.

“கணக்கை வாசிச்சா சண்டை வரும்தான் சார். வாசிக்காமலே கையெழுத்து வாங்கினாத்தான், அடுத்த தடவை யாரும் வரமாட்டாங்க.”

சண்டைக்குப் பயந்து கணக்கை மூடிவைக்கிற தலைவர்கள் இவரிடம் கேட்கட்டும். ஆகஸ்ட் 15 கிராம சபைக் கூட்டத்துக்குப் போவீர்களா என்றேன். போவாராம், குளம் தூர்வாரிய செலவைக் கேட்க வேண்டுமாம்.