கரையானுக்குப் பங்கு வைத்த வீடு

வள்ளியூர் ரயில் நிலையத்தில் இறங்கி மேற்கே பார்த்தால் மலை கைக்கெட்டும் தூரத்தில் நிற்கும். மகேந்திரகிரி உச்சியில் மேகம் இல்லாத நாள் குறைவு. கிழக்கே திரும்பினால் ராதாபுரம் வரைக்கும் செம்மண், பனை, காற்றாலை. ஒரு பக்கம் மழைக்காடு, மறுபக்கம் பனங்காடு. இரண்டுக்கும் நடுவில் வாழ்கிறோம் என்ற நினைப்பே எங்களில் பலருக்கு இருப்பதில்லை.

திருக்குறுங்குடிப் பக்கம் மலையடிவாரத்தில் நிலம் வைத்திருக்கும் நண்பர் ஒருவர், அங்கே முழுக்க மரத்தாலேயே தங்கும் விடுதி கட்டப்போவதாகச் சொன்னார். பாலித் தீவின் மூங்கில் வீடுகளையும் கோஸ்டாரிகாவின் காட்டு விடுதிகளையும் செல்போனில் காட்டினார். "நம்ம மலையில இல்லாத மரமா அண்ணாச்சி? ஆள் வச்சு கையாலயே கட்டிருவோம்" என்றார். எனக்கும் ஆசை தொற்றிக்கொண்டது. காட்டுக்குள் வீடு கட்டி வாழ்ந்தவர்களை முதலில் பார்த்துவிட்டு வரலாம் என்று ஏர்வாடி, களக்காடு, அம்பாசமுத்திரம் வழியாகப் பாபநாசம் புறப்பட்டோம்.

சோதனைச் சாவடி தாண்டியதும் காற்று மாறிவிடுகிறது. முண்டந்துறை 1962இல் சரணாலயம் ஆனது. சிங்கவால் குரங்குக்காகக் களக்காடு 1976இல். இரண்டையும் சேர்த்து 1988இல் புலிகள் காப்பகம் அமைந்தது. தாமிரபரணியும் அதற்குத் தண்ணீர் கொடுக்கும் ஓடைகளில் பலவும் இந்தக் காட்டிலிருந்துதான் இறங்குகின்றன. நெல்லைக்கும் தூத்துக்குடிக்கும் குடிநீர் வரும் வழி இது. நாலுமுக்கு, ஊத்து ஆகிய மேட்டுப் பகுதிகள் தமிழ்நாட்டில் அதிகம் மழை பெறும் இடங்களைச் சேர்ந்தவை. அப்படிப்பட்ட மழையில் மரவீடு எத்தனை நாள் தாங்கும் என்ற கேள்வி வண்டியில் போகும்போதே எனக்கு வந்துவிட்டது.

காரையாறு அணையை ஒட்டிய காணிக்காரப் பழங்குடியினரின் குடியிருப்பில் இப்போது கான்கிரீட் வீடுகளே அதிகம். ஒரு வீட்டின் பின்புறம் மட்டும் பழைய முறையில் ஒரு குடிசை நின்றது. அடுப்பும் சாமான்களும் அதற்குள் இருந்தன. அந்த வீட்டுப் பெரியவர் எங்களை உட்கார வைத்துப் பேசினார். அவர் பேச்சில் பாதி தமிழ், பாதி மலையாளம்.

குடிசையின் மூலை மரங்கள்தான் வைரம் பாய்ந்தவை. மற்றதெல்லாம் மெல்லிய காட்டு மூங்கில். மலைக்கு அந்தப் பக்கம் அதை 'ஈற்ற' என்பார்கள். அதைப் பிளந்து, தட்டியாகப் பின்னி, சுவராக நிறுத்தி, மேலே மண் பூசுகிறார்கள். ஆணி கிடையாது, கட்டுவதெல்லாம் காட்டுக்கொடி. கூரைக்கும் அதே மூங்கிலின் இலைதான். கீழிருந்து மேலாக, ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி வேய்கிறார்கள். கூரை செங்குத்தாக இறங்குவதால் எந்த மழையும் அதன்மேல் தங்காது. உள்ளே எரியும் அடுப்பின் புகை ஓலைக்குள் ஏறிப் பூச்சியை விரட்டுகிறது. அடுப்பு அணைந்த வீடு சீக்கிரம் உளுத்துவிடும் என்றார் பெரியவர்.

"மூங்கிலை எப்ப வெட்டுவீங்க ஐயா?"

"தேய்பிறையில. இளசுல கை வைக்க மாட்டோம். முத்தினதை மட்டும் எடுத்தா தூறு மறுபடி வந்துரும்."

முற்றிய மூங்கிலில் மாவுச்சத்து குறைவாக இருந்தால் துளைக்கும் வண்டு அதை அவ்வளவாகத் தேடுவதில்லை. வெட்டியதை ஓடும் தண்ணீரில் ஊறப்போட்டால் இருக்கிற சத்தும் கரைந்து போகும். அவர்கள் இந்தப் படிப்பைக் கைவழியாகவே தலைமுறை தலைமுறையாகக் கடத்தியிருக்கிறார்கள். யானை நடமாட்டம் மிகுந்த இடத்தில் மரக்கிளையின்மேல் ஏறுமாடம் கட்டிப் படுத்த காலமும் உண்டு. இந்த மூங்கில் யானைக்கும் தீனி. ஒரு பரப்பு முழுக்க ஒரே சமயத்தில் பூத்து மடிந்துவிடும் இனமும் இதில் இருக்கிறது. அப்போது மனிதரும் யானையும் வேறு சரிவைத் தேடிப் போக வேண்டியதுதான். அதனால் வேண்டிய அளவுக்கு மேல் வெட்டும் பழக்கமே அங்கே வளரவில்லை.

குடிசை எத்தனை வருடம் நிற்கும் என்று நண்பர் கேட்டார். "கூரையை அப்பப்ப மாத்தணும். கரையானுக்கும் பங்கு உண்டுல்லா சார்" என்றார் பெரியவர். அந்தப் பதிலைத்தான் வழியெல்லாம் பேசிக்கொண்டு வந்தோம். நிலைத்து நிற்பதே நல்ல வீடு என்று நாம் நினைக்கிறோம். மழைக்காட்டில் சில வருடங்களில் மண்ணாகி, அடுத்த தூறுக்கு உரமாகும் வீடுதான் காட்டுக்குப் பாரமில்லாதது. ஆனால் அப்படிக் கட்டும் தகுதி அங்கேயே பிறந்து, அங்கேயே வெட்டி, அங்கேயே மறுபடி வேய்கிறவர்களுக்கே உண்டு. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் மூங்கிலைச் சிறு வனப்பொருளாக ஏற்று, அதைச் சேகரிக்கும் உரிமையை அவர்களுக்குத் தந்திருக்கிறது. அரசு வீடு கட்டிக் கொடுக்கும்போதும் இந்தக் கைவேலைக்கு இடம் வைத்திருக்கலாம். கான்கிரீட் மட்டுமே வீடு என்று முடிவு செய்ததில் எனக்கு உடன்பாடில்லை.

விருந்தாளிகளுக்காக விடுதி கட்டுவது வேறு கதை. நண்பர் மனதில் இருந்தது கோங்கு. கரையான் எளிதில் தொடாத மரம் அது. அதன் உறவான கருங்கோங்கு மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்கோடியைத் தவிர உலகில் வேறெங்கும் வளர்வதில்லை. அழிவின் விளிம்புக்கு வந்துகொண்டிருக்கும் மரம். 1996 டிசம்பர் 12 அன்று கோதவர்மன் திருமுல்பாடு வழக்கில் உச்ச நீதிமன்றம் இட்ட உத்தரவுக்குப் பின், காட்டு மரத்தில் இஷ்டம்போல் கோடாலி வைக்க முடியாது. புலிகள் காப்பகச் சுற்றுலாவுக்கான 2012ஆம் ஆண்டின் நெறிமுறைகள் மையப் பகுதியில் புதிய சுற்றுலாக் கட்டடம் கூடாது என்கின்றன. நீலகிரியில் சீகூர் யானை வழித்தடத்தை மறித்து நின்ற விடுதிகளுக்கு எதிரான தீர்ப்பை 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. இயற்கையோடு இணைந்த தங்கல் என்று விளம்பரம் செய்தாலும், யானை நடக்கும் பாதையில் வேலி போட்டால் அது வேலிதான்.

திரும்பி வரும்போது வள்ளியூருக்குக் கிழக்கே ஒரு கிராமத்தில் பழைய ஓட்டு வீட்டை இடித்துக்கொண்டிருந்தார்கள். கூரையிலிருந்து பிரித்துப்போட்ட பனங்கைகள் தெருவோரம் அடுக்கிக் கிடந்தன. அங்கிருந்த தச்சர் ஒன்றை எடுத்து உளியால் தட்டிக் காட்டினார். இரும்பில் தட்டிய சத்தம் கேட்டது. பனையின் நடுவில் இருப்பது வெறும் சோறு. அதைச் செதுக்கி எடுத்துவிட்டால் வெளிப்பக்கத்தில் கறுப்பு நார் ஓடிய வைரம் மட்டும் நிற்கும். பனை காய்க்கத் தொடங்கவே 15, 20 ஆண்டுகள் வேண்டும். கைமரமாக வைரம் பாய இன்னும் பல பத்தாண்டுகள். எங்கள் பக்கத்து வீடுகளின் உத்திரமும் கைமரமும் தலைமுறைகளாகத் தாங்கி நின்றது இதனால்தான்.

"இதைச் சூளைக்காரன் எடைக்குக் கேக்கான்" என்றார் தச்சர். செங்கல் சூளை விறகுக்காகத் தென்மாவட்டங்களில் வெட்டப்பட்ட பனைக்குக் கணக்கே இல்லை. நம் மாநில மரம் அது. பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி கட்டாயம் என்று 2021ஆம் ஆண்டின் வேளாண் நிதிநிலை அறிக்கையில் அரசு அறிவித்தபோது நான் மிகவும் மகிழ்ந்தேன். நிற்கும் பனையை அந்த அறிவிப்பு காக்கட்டும். ஏற்கெனவே அறுத்துச் செதுக்கிய பனங்கையை நாம்தான் காக்க வேண்டும்.

நண்பர் அன்றே அந்த அடுக்கை விலை பேசினார். காட்டெல்லையிலிருந்து விலகி, யானைத்தடம் இல்லாத மேட்டில், பழைய பனங்கையும் மண்சுவரும் ஓலைக்கூரையுமாகச் சிறிதாகக் கட்டுவது என்று முடிவானது. தட்டி பின்னவும் கூரை வேயவும் காணிக்காரர்கள் வந்தால் தச்சருக்குக் கொடுக்கும் அதே கூலியை அவர்களுக்கும் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

திருநெல்வேலிச் சீமையில் வாரம் தவறாமல் எங்கோ ஒரு ஓட்டு வீடு இடிபடுகிறது. உங்கள் தாத்தா வீடு அந்த வரிசையில் இருந்தால், பனங்கைகளைச் சூளைக்குப் போட்டுவிடாதீர்கள். ஒரு தச்சரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள்.