ஒரு கூரை, பத்து அடுப்பு

தருமபுரியிலிருந்து ஓசூர் போகிற வழியில் இருக்கிறது பாலக்கோடு. தக்காளி மார்க்கெட்டும் கூட்டுறவுச் சர்க்கரை ஆலையும் உள்ள தாலுகா ஊர். பிழைப்புக்காக வெளியூர்க்காரர்கள் வந்து தங்கும் ஊரில் வாடகை வீடு இல்லாமல் இருக்குமா? நீளமாக ஒரே கட்டடம், வரிசையாகக் கதவுகள், எல்லோருக்கும் பொதுவாக ஒரு குழாய், ஒரு கழிப்பறை. இந்தப் பக்கத்தில் இதை ‘லைன் வீடு’ என்பார்கள். இதற்குப் பழைய பெயர் ஒன்று உண்டு: ஒண்டுக்குடித்தனம்.

திடீர் மழைக்குக் கடைத் தாழ்வாரத்தில் ஒண்டி நிற்பார்களே, அதே ஒண்டுதல்தான். இடம் சொந்தமில்லை. கடைக்காரர் முகம் சுளிக்காதவரை நிற்கலாம். ‘ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டியதாம்’ என்ற பழமொழியிலும் இந்தச் சொல்தான் வருகிறது. வீட்டுக்காரர்களுக்கு ரொம்பப் பிடித்த பழமொழி! சிலர் இதை ‘ஒண்டிக்குடித்தனம்’ என்கிறார்கள். ஒண்டி என்றால் தனி ஆள். இங்கேயோ கிடைக்காத ஒரே பொருள் தனிமைதான்.

திருவல்லிக்கேணியில் இதற்கு ‘ஸ்டோர்’ என்று பெயர். மும்பையில் ‘சால்’, பெங்களூரில் ‘வடார’. 1968இல் வந்த ‘எதிர்நீச்சல்’ படத்தில் இப்படிப்பட்ட வீட்டின் மாடிப்படிக்கு அடியில்தான் நாகேஷ் குடியிருப்பார்.

சொல்லின் முன்பாதி இரவல் இடத்தைச் சொன்னால், பின்பாதி கௌரவமானது. குடித்தனம் என்றால் குடும்பம் நடத்துவது. அறை ஒன்றே ஆனாலும் அடுப்பு தனியாக எரிந்தால் அது தனிக் குடித்தனம். அரசாங்கக் கணக்கும் ஏறக்குறைய இதுதான். மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், ஒன்றாக வசித்து ஒரே சமையலில் சாப்பிடுகிறவர்கள் ஒரு குடும்பம். ரேஷன் கார்டுக்கும் தனிச் சமையல் வேண்டும். பத்து அடுப்பு எரிகிற கூரைக்குக் கீழே பத்து கார்டு இருக்கலாம்.

சிக்கல் முகவரியில் வருகிறது. 2019 முதல் அமலில் உள்ள தமிழக வாடகைச் சட்டப்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். லைன் வீடுகளிலோ பெரும்பாலும் வாய்ப்பேச்சுதான். ‘அட்வான்ஸ் கொடுத்தாச்சு, சாவி வாங்கியாச்சு’ என்பதோடு சரி. கார்டில் முகவரி மாற்ற ஒரு தாள் கேட்டால், பின்னால் வில்லங்கம் வருமோ என்று வீட்டுக்காரர் தயங்குவார். பத்து வருஷமாக மாதம் தவறாமல் வாடகை கொடுத்தவருக்கும், கையில் தாள் இல்லையென்றால் ‘காலி பண்ணுங்க’ என்ற ஒரு வார்த்தை போதும். தட்டுமுட்டுச் சாமானை மூட்டை கட்டிக்கொண்டு அடுத்த லைனில் வீடு தேட வேண்டியதுதான்.