கழக்கூட்டத்துப் பிள்ளையைத் தேடி

திருவனந்தபுரத்தை அடுத்த கழக்கூட்டம் என்றாலே இன்று டெக்னோபார்க்தான். ஆனால் ஊரைப் பற்றிப் பத்திரிகையில் எழுத வருபவர்கள் ஐ.டி. கட்டடங்களை இரண்டு வரியில் முடித்துவிட்டு, நேரே எட்டுவீட்டில் பிள்ளைமாருக்குத் தாவிவிடுவார்கள். திருவிதாங்கூர் ராஜா மார்த்தாண்ட வர்மாவை எதிர்த்த எட்டு நாயர் பிரபுக்களில் ஒருவர் கழக்கூட்டத்துப் பிள்ளை. பக்கத்து ஊர்களான குளத்தூருக்கும் செம்பழந்திக்கும்கூட ஊருக்கொரு பிள்ளை உண்டு. ராஜா அவர்களைத் தூக்கிலிட்டார், வீடுகளை இடித்துக் குளம் தோண்டினார், பெண்டு பிள்ளைகளை மீனவர்களிடம் ஒப்படைத்தார் என்பது கதை.

இதழியல் படிக்கும் என் தங்கை மகள் வகுப்புக்காக எழுதிய கட்டுரையிலும் இதே கதைதான் இருந்தது. எங்கே கிடைத்தது என்று கேட்டேன்.

“எல்லா சைட்லயும் இதேதானே இருக்கு மாமா?”

அதுதான் சிக்கல். பத்து இடத்தில் இருப்பதால் ஒரு செய்திக்குப் பத்து சாட்சி கிடைத்துவிடாது. ஒரே ஆளைப் பார்த்துப் பத்துப் பேர் எழுதியிருக்கலாம். முதலில் எழுதியது யார், எப்போது என்று பின்னோக்கிப் போக நூலகத்தை விட்டால் வேறு வழியில்லை. இதழியல் வகுப்புகளில் தலைப்பு வைக்கவும் கேமரா பிடிக்கவும் சொல்லித்தரும் அளவுக்கு இதைச் சொல்லித்தருவதாகத் தெரியவில்லை.

கழக்கூட்டத்து மாணவர்களுக்கு இதில் அதிர்ஷ்டம்தான். காரியவட்டம், ஸ்ரீகாரியம், உள்ளூர் வழியாக நகரத்துக்குப் போகும் பஸ்ஸில் ஏறினால் வழிநெடுக நூலகங்கள். காரியவட்டத்தில் பல்கலைக்கழகத்தின் ஓலைச்சுவடி நூலகம். உள்ளூரில் லாரி பேக்கர் செங்கல்லால் கட்டிய வளர்ச்சி ஆய்வு மையத்தின் நூலகம். நிலம், கூலி, வளைகுடாப் பணம் என்று எதை எழுதினாலும் அங்கே ஒரு அரை நாள் உட்கார வேண்டும். பாளையத்தில் பல்கலைக்கழக நூலகம், அதற்கு அருகே 1829இல் தொடங்கிய பப்ளிக் லைப்ரரி. சட்டமன்ற நூலகம் தனி. ஒடுக்கப்பட்டோரின் தலைவர் அய்யன்காளி 1911இல் திருவிதாங்கூரின் ஸ்ரீமூலம் பிரஜா சபைக்கு நியமன உறுப்பினராகி, தம் மக்களுக்கு நிலமும் பள்ளியில் இடமும் கேட்டார். அந்தக் கோரிக்கைகளை அங்கே சபை நடவடிக்கைக் குறிப்பிலேயே வாசிக்கலாம். நினைவு மலர் தேவையில்லை.

பிள்ளைமாருக்கு வருவோம். நாகம் அய்யாவின் திருவிதாங்கூர் ஸ்டேட் மானுவல், 1906, மூன்று தொகுதி. கதை அதில் இருக்கிறது. அதற்கு முன்னால் சி.வி. ராமன் பிள்ளையின் ‘மார்த்தாண்டவர்மா’, 1891. அது நாவல், மலையாளிகள் மனத்தில் பிள்ளைமாருக்கு முகம் கொடுத்ததே அதுதான். இன்னும் பின்னால் போனால் சங்குண்ணி மேனனின் திருவிதாங்கூர் சரித்திரம், 1878. மார்த்தாண்ட வர்மா பட்டமேறியது 1729. நடுவே ஒன்றரை நூற்றாண்டு! எழுதிய மேனன் திவான் பேஷ்கார், அய்யாவும் அப்படியே. இருவரும் அரசாங்க உத்தியோகஸ்தர்கள் என்பதை மறந்துவிட்டு வாசித்தால், தோற்றவன் தரப்பு நமக்கு எட்டாது.

இந்த நான்கு வருடங்களையும் ஒரு தாளில் ஒன்றின்கீழ் ஒன்றாக எழுதித் தங்கை மகளிடம் கொடுத்தேன். சற்று நேரம் பார்த்துவிட்டு, “அப்போ கதை பொய்யா?” என்றாள். பொய் என்று நான் சொல்லவில்லை. சரிபார்க்க, பத்மநாபசுவாமி கோயிலின் மதிலகம் ஏடுகள் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. வட்டெழுத்தும் கோலெழுத்தும் படிக்கத் தெரிந்தவர்கள்தான் அருகிவிட்டார்கள்.

அதே காலத்தில் கொச்சியில் இருந்த டச்சுக்காரர்களின் காகிதங்கள் சென்னையில், எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் உள்ளன. டச்சு தெரியாதே என்று பயப்பட வேண்டாம். கலெட்டி என்ற ஐ.சி.எஸ். அதிகாரி அவற்றில் சிலவற்றை ஆங்கிலத்தில் பெயர்த்தார்; அதைச் சென்னை அரசு அச்சகம் 1911இல் புத்தகமாக்கியது. கொச்சியின் டச்சுத் தளபதி கொல்லனெஸ் தமக்கு அடுத்து வருபவருக்காக 1743இல் எழுதிவைத்த நீண்ட குறிப்பு அதில் இருக்கிறது. கொளச்சல் போரில் டச்சுப் படை திருவிதாங்கூரிடம் தோற்று அப்போது இரண்டே வருடம்தான் ஆகியிருந்தது. மார்த்தாண்ட வர்மாவைப் புகழ வேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை. ஸ்கேன் பிரதி இணையத்திலேயே கிடைக்கிறது, கூகுளின் முதல் பக்கத்தில் வராது, அவ்வளவுதான். அதில் திருவிதாங்கூர்ப் பகுதியை வாசித்து முடிக்கும்வரை கட்டுரையை ஆசிரியருக்கு அனுப்பாதே என்று சொல்லியிருக்கிறேன்.