வேகம் யாருக்கு?

வேகத்தை வெறுப்பவனல்லன் நான். விஞ்ஞானத்தின் வெற்றிகளைக் கண்டு வியப்பவன். வியப்பதோடு நில்லாது, அவற்றை வகுப்பறையிலே எடுத்துரைத்து, இளம் உள்ளங்களில் ஏற்றிவைக்கும் தொழிலிலே இருப்பவன். ஆகவே, மும்பைக்கும் ஆமதாபாத்துக்கும் இடையே 508 கிலோமீட்டர் தொலைவுக்குக் கட்டப்பட்டுவரும், மணிக்கு 320 கிலோமீட்டர் வேகத்திலே செல்லவிருக்கும் இரயிலுக்கு, அரசு இத்தனை பணம் தரலாமா என்ற வாதத்தை, ஒரே சொல்லில் ஒதுக்கிவிட என்னால் இயலவில்லை.

உடன் பணியாற்றும் ஆசிரிய நண்பர் கேட்டார்: "போட்ட மதிப்பீடு ஏறத்தாழ 1,08,000 கோடி ரூபாய். அதிலே 81 விழுக்காடு ஜப்பான் தரும் கடன். வட்டியோ 0.1 விழுக்காடு! தவணையோ 50 ஆண்டு! முதல் 15 ஆண்டு அசலைத் திருப்பவே வேண்டாம். வலிய வரும் கடனை வேண்டாமென்பது அறிவுடைமையா?"

நியாயமான கேள்வி. வட்டி குறைவு, மறுக்கவில்லை. ஆனால் கடன் கடனே! அதுவும் யென் நாணயத்தில் வாங்கும் கடன். ரூபாயின் மதிப்புச் சரிந்தால் சுமை கூடும். இன்று என் எதிரே அமர்ந்து எழுத்துக் கூட்டிப் படிக்கும் சிறுவன், தலை நரைக்கும் வயதிலும் செலுத்த வேண்டிய கடன்! செலுத்தப் போகிறவன் அவன். ஏறிச் செல்லப் போகிறவன் யார்?

"ஜப்பானைப் பாரீர்!" என்கின்றனர். பார்ப்போம், நன்றாகவே பார்ப்போம். 1964 அக்டோபர் 1-ஆம் நாள், டோக்கியோவுக்கும் ஒசாகாவுக்கும் இடையே முதல் ஷின்கான்சென் ஓடிற்று. பழைய பாதை மக்கள் நெரிசலைத் தாங்காது திணறிற்று; அந்த நோய்க்கு மருந்தாகவே புதுப்பாதை பிறந்தது. செலவு, முதல் மதிப்பீட்டின் இருமடங்கை நெருங்கிற்று. தேசிய இரயில்வேயின் தலைவர் சோகோ ஷின்ஜி 1963-இலே பதவி விலக நேர்ந்தது. நெரிசலைக் கண்டு கட்டினர். மீறிய செலவுக்குக் கணக்கும் கேட்டனர்!

இங்கே நெரிசல் எங்கே இருக்கிறது? 2017 செப்டம்பர் 14-ஆம் நாள் ஆமதாபாத்தில் அடிக்கல் நாட்டினர். பதினைந்தே நாள்! செப்டம்பர் 29-ஆம் நாள், மும்பை எல்பின்ஸ்டன் சாலை நிலையத்தின் குறுகிய நடைமேம்பாலத்திலே, கூட்டத்தில் சிக்கி இருபதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். இரயில் கவிழவில்லை, பாலம் இடியவில்லை, நடக்க இடமில்லை, அதனால் மாண்டனர்! பின்னர் இராணுவத்தை அழைத்து, 2018 பிப்ரவரிக்குள் புதுப்பாலம் கட்டி முடித்தனர். சில மாதங்களிலே முடியக்கூடிய வேலை. உயிர்கள் போகும்வரை முடியாதிருந்த வேலை!

முன்பதிவற்ற பெட்டியிலே நாள்தோறும் பள்ளிக்குப் போகிறவன் நான். என்னருகே நசுங்கி நிற்கும் கொத்தனாரும், கூடையை மார்போடு அணைத்து நிற்கும் பூக்கார அம்மையாரும் வேகம் கேட்கவில்லை. கால் ஊன்ற இடம் கேட்கின்றனர்.

தோழனே! வேண்டும் என்றொரு கட்சி, வேண்டாம் என்றொரு கட்சி கட்டி நிற்பதால் பயனென்ன? யாருக்காக, எவ்வளவு, யார் கணக்கில் என்று கேள்! பொதுப்பணம் முதலில் நிற்க இடமற்றவனுக்கு. பிறகு பறக்க விரும்புபவனுக்கு. வரிசை அதுவானால், 320 என்ன, 500 கிலோமீட்டர் வேகத்தையும் கைதட்டி வரவேற்போம்!