பரணில் இருந்த பெட்டி

பதினாறில் ஒன்பது. போன பொங்கலுக்கு நான் எழுதிய பரீட்சையில் எடுத்த மார்க் அது. காசைச் சுண்டிப் போட்டுப் பதில் சொல்லியிருந்தாலே எட்டு வந்திருக்கும்.

பாட்டைக் கேட்டு எந்த ஆம்ப்ளிஃபயர் ஓடுகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும், அவ்வளவுதான் பரீட்சை. பத்து வருடமாக நண்பர்களுக்கு இதில் ஆலோசனை சொல்லி வந்தவன் நான். "கிளாஸ் டி-ல உயிர் இருக்காது மச்சி, வால்வுலதான் குரல் மூச்சு விடும்" என்று ஆபீஸ் கேண்டீனில் தீர்ப்பு வழங்கியிருக்கிறேன். அந்த நம்பிக்கையில் ஒன்றேகால் லட்சத்துக்கு இஎல் 34 வால்வுகள் போட்ட ஆம்ப்ளிஃபயர் ஒன்றும் வாங்கினேன். வீட்டிலிருந்தே வேலை என்று ஆனபின், அதையும் ஒரு சின்ன கிளாஸ் டி ஆம்ப்ளிஃபயரையும் தூக்கிக்கொண்டு குடும்பத்தோடு கோவில்பட்டிக்கே வந்துவிட்டேன்.

வெள்ளையடிக்கப் பரணை ஒழித்தபோது அப்பாவின் பெட்டி கீழே வந்தது. அப்பா ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தவர். 2என்3055 டிரான்சிஸ்டர்கள் போட்டு அவரே அசெம்பிள் செய்த ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயர் அது. தகரப் பெட்டி, பின்னால் கறுப்பு ஹீட் சிங்க். நான் இன்ஜினியரிங் மூன்றாம் வருடம் படிக்கும்போது அதைக் கேட்டுவிட்டு, "சவுண்டு தட்டையா இருக்குப்பா" என்று சொன்னேன். அடுத்த லீவுக்கு வந்தபோது அது ஹாலில் இல்லை. ஏன் என்று நான் கேட்கவும் இல்லை.

"மூணையும் வச்சுக் கேட்டுப் பாப்போமா?" என்றேன். உண்மையைச் சொன்னால், வால்வு எவ்வளவு உசத்தி என்று அப்பாவுக்குக் காட்டத்தான்.

அப்பா உடனே சரி என்று சொல்லவில்லை. முதலில் கடைவீதிக்குப் போய்ப் புது கண்டென்சர் வாங்கி வந்து, காய்ந்துபோன பழைய ஃபில்டர் கண்டென்சர்களை மாற்றினார். ஹம் நின்றது. பிறகு ரிலே வைத்து ஒரு மாற்று சுவிட்ச் செய்தார். ஸ்பீக்கர் வேறு பக்கம் போகும் நேரத்தில் வால்வு ஆம்ப்ளிஃபயருக்கு 8 ஓம் ரெசிஸ்டர் ஒன்று லோடாக வந்து நிற்கும்படி வயரிங். "வால்வை லோடு இல்லாம ஓட்டக் கூடாதுல. அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போயிரும்."

அடுத்து சத்தத்தைச் சமன் செய்தோம். இரண்டு ஆம்ப்ளிஃபயர்களில் ஒன்று அரை டெசிபல் கூடுதலாக ஒலித்தால், அது சத்தமாகத் தெரியாது. தெளிவாக, நெருக்கமாகத் தெரியும். கடை டெமோக்களில் பலர் ஏமாறுவது இங்கேதான். 400 ஹெர்ட்ஸ் டோனை ஓடவிட்டு, ஸ்பீக்கர் முனையில் மல்டிமீட்டர் வைத்து வோல்டேஜைப் பார்த்து வால்யூமைத் திருகினோம். ஒரு சதவிகித வித்தியாசம் என்றால் ஏறக்குறைய 0.1 டெசிபல். அதற்குள் கொண்டுவந்தோம்.

ஆம்ப்ளிஃபயர்களைத் துணி போட்டு மூடியாயிற்று. அடுத்த அறையில் என் மனைவி காசைச் சுண்டி சுவிட்சைப் போடுவாள். இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்' ஓடியது. ஒரு ஜோடிக்குப் பதினாறு சுற்று. பன்னிரண்டாவது சரியாகச் சொன்னால்தான் யூகமில்லை என்று ஒத்துக்கொள்வது என முதலிலேயே எழுதி வைத்தோம். வெறும் யூகத்தில் பன்னிரண்டோ அதற்கு மேலோ வர நூற்றில் நான்கு வாய்ப்புதான்.

வால்வுக்கும் கிளாஸ் டிக்கும் இடையில் பதினான்கு எடுத்தேன். நெஞ்சு நிமிர்ந்தது. அப்பாவின் பெட்டிக்கும் கிளாஸ் டிக்கும் இடையில்தான் அந்த ஒன்பது.

வேலை செய்யும் விதத்தில் அவை இரண்டும் நேரெதிர். அப்பாவுடையது கிளாஸ் ஏபி: டிரான்சிஸ்டர்கள் அலையை ஆளுக்குப் பாதியாகச் சுமக்கும். கணக்குப்படி அதன் உச்சத் திறனே 78.5 சதவிகிதம்தான், மீதி ஹீட் சிங்க்கில் சூடாகப் போகும். கிளாஸ் டி நொடிக்குச் சில லட்சம் தடவை ஆன்-ஆஃப் ஆகி, கடைசியில் ஃபில்டர் வழியாக அலையை மீட்டெடுக்கும். அந்த 'டி' டிஜிட்டலைக் குறிப்பதல்ல, ஏ, பி, சி-க்கு அடுத்த எழுத்து. இவ்வளவு வேறுபட்ட இரண்டையும், அளவோடு ஓட்டினால், என் காது பிரிக்கவில்லை.

வால்வைப் பிரித்ததற்கும் காரணம் இருக்கிறது. அதன் அவுட்புட் இம்பீடன்ஸ் அதிகம். ஸ்பீக்கரின் இம்பீடன்ஸோ ஒவ்வொரு அதிர்வெண்ணிலும் ஏறி இறங்கும். அது ஏறும் இடத்தில் சத்தமும் கொஞ்சம் ஏறும். என் ஸ்பீக்கரில் அது பேஸ் பகுதி. நான் 'மூச்சு' என்று சொல்லிக்கொண்டிருந்தது பெரும்பாலும் இதைத்தான். 1985-இல் பாப் கார்வர் என்ற அமெரிக்க இன்ஜினியர் ஸ்டீரியோஃபைல் பத்திரிகையோடு பந்தயம் போட்டு, தன்னுடைய மலிவான டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயரை, விலை உயர்ந்த ஒன்றைப் போலவே ஒலிக்கும்படி மாற்றினார். இரண்டின் வெளியீட்டையும் கழித்து, மிஞ்சுவதைக் குறைத்துக்கொண்டே வந்தார். கடைசியில் அந்தப் பத்திரிகைக்காரர்களாலேயே பிரித்துச் சொல்ல முடியவில்லை. இந்தக் கதையை நான் முன்பே படித்திருக்கிறேன். அதெல்லாம் அவர்கள் காது, என் காது வேறு என்று நினைத்துக்கொண்டேன்.

அப்பாவையும் கேட்கச் சொன்னோம். சிரித்தார். "எனக்கு இப்பக் கொசுச் சத்தமே கேக்கதில்ல. மீட்டர் என்ன சொல்லுதோ அதான்."

மார்க் எழுதிய தாளை அவரிடம் நீட்டினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். ஜெயித்த முகம் எதுவும் இல்லை.

"அப்பா, அன்னைக்கு நான் சொன்னதுக்காகவா இதத் தூக்கி மேல வச்சீங்க?"

"பெறவு? இன்ஜினியரிங் படிக்கிற பையன் சொல்லுதான். சரியாத்தான் இருக்கும்னு நெனச்சேன். கடைக்கு வந்தவங்க கேட்டப்பவும், இப்ப வெளிய நல்லதா வருது, வாங்கிக்கோங்கன்னு சொல்லிட்டேன்."

அதற்கப்புறம் அவர் ஆம்ப்ளிஃபயரே செய்யவில்லை என்பது எனக்கு அப்போதுதான் தெரியும்.

அன்றைக்கு நான் என்ன கேட்டேன் என்று யோசித்துப் பார்க்கிறேன். பாட்டு நினைவில்லை. தகரப் பெட்டி நினைவிருக்கிறது. ஸ்கெட்ச் பேனாவால் 'வால்யூம்' என்று எழுதி ஒட்டிய பேப்பர் நினைவிருக்கிறது. ஹாஸ்டல் நண்பன் வீட்டில் பார்த்த வெளிநாட்டு செட் நினைவிருக்கிறது. தட்டையாக இருந்தது எது என்று இப்போது சொல்ல முடியும்.

வால்வு ஆம்ப்ளிஃபயரை விற்கவில்லை. அந்த பேஸ் எனக்குப் பிடித்திருக்கிறது, ராத்திரியில் கேட்கிறேன். ஆனால் அதுதான் உண்மையான ஒலி என்று யாரிடமும் சொல்வதில்லை. ஹாலில் அப்பாவின் பெட்டி இருக்கிறது. போன வாரம் அவர் இடது சேனலைத் திறந்து வைத்துக்கொண்டு, "இதுல டிரைவர் டிரான்சிஸ்டரை மாத்துனா இன்னும் நல்லாருக்குமோ, என்ன நெனைக்க?" என்று கேட்டார்.

"தெரியலப்பா. மாத்திட்டு அளந்து பாப்போம்" என்றேன்.