ரிவர் சாங்கும் அப்பாவின் நோட்டும்

நான் பி.காம். எதையும் ஓப்பனிங் பாலன்ஸிலிருந்து பார்த்தால்தான் எனக்குச் சோறு இறங்கும். அப்பேர்ப்பட்டவனைக் குழப்பிவிட்டாள் ஒருத்தி. பதறாதீர்கள், என் மனைவிக்கும் அவளைத் தெரியும். பெயர் ரிவர் சாங்.

பி.பி.சி.யில் 1963-ல் ஆரம்பித்த 'டாக்டர் ஹூ' தொடரின் நாயகர் டாக்டர். நீல நிற போலீஸ் பெட்டியில் ஏறிக் காலத்தைச் சுற்றி வருகிற ஆசாமி. ஒரு கிரகம் பூராவும் நூலகமாக இருக்கும் 2008-ம் வருஷக் கதையில் இந்த அம்மாள் வந்து, ரொம்ப நாள் பழகினவள் மாதிரி உரிமையாய்ப் பேசுகிறாள். டாக்டரோ திருதிருவென்று முழிக்கிறார். கடைசியில், யாருக்குமே தெரியாத அவருடைய நிஜப் பெயரை அவர் காதிலேயே சொல்கிறாள். அவர் செய்யவிருந்த தியாகத்தைத் தட்டிப் பறித்து, கம்ப்யூட்டருக்குள் மாட்டிக்கொண்ட 4,022 பேரை மீட்டுவிட்டு உயிரை விடுகிறாள்.

அறிமுகத்திலேயே சாவு! ஆனாலும் 2015 வரை வந்துகொண்டிருந்தாள். எப்படி? இருவரும் காலத்தில் ஏறக்குறைய எதிரெதிர் திசையில் போகிறவர்கள். அவருக்கு முதல் சந்திப்பு, அவளுக்குக் கடைசி. யார் எந்த இடத்தில் இருக்கிறோம் என்று ஒத்துப் பார்க்க ஒரு நீல டைரி. எங்கள் பாஷையில் பாங்க் ரிகன்ஸிலியேஷன். அவர் எட்டிப் பார்த்தால் "ஸ்பாய்லர்ஸ்!" என்று சிரிப்பாள்.

இவள் யார் என்று மூன்று வருஷம் நம்மைக் காய விட்டு, டாக்டரோடு பயணம் செய்யும் ஏமி - ரோரி தம்பதியின் மகள்தான் என்று 2011-ல் உடைத்தார் எழுத்தாளர் ஸ்டீவன் மோஃபட். எனக்கு அந்தப் புதிரைவிட அவளுடைய பயம்தான் பெரிதாகப் பட்டது. பார்க்கப் பார்க்க அவருக்குத் தன்னைக் கொஞ்சம் கொஞ்சமாய்த் தெரியாமல் போகும். ஒருநாள் சுத்தமாகவே தெரியாது.

போன வருஷம் அப்பா தவறிவிட்டார். டிரங்குப் பெட்டியில் அவருடைய செலவுக் கணக்கு நோட்டுகள். கடைசி நோட்டு மேலே இருந்ததால் பின்னாலிருந்தே படித்தேன். மாத்திரை, ஸ்கேன். அப்புறம் என் கல்யாணம். காலேஜ் ஃபீஸ், பக்கத்தில் 'கைமாத்து' என்று ஒரு குறிப்பு. (எனக்கு இது தெரியவே தெரியாது.) சைக்கிள். கிரைப் வாட்டர்.

அதற்கு அடியில் இருந்த நோட்டில் நான் இல்லை. சினிமா டிக்கெட் 2, மல்லிகைப்பூ, ரிக்‌ஷா. கையெழுத்து மட்டும் அதேதான். அந்த மனுஷருக்கு என்னைத் தெரியாது.

கூட்டலில் ஐம்பது காசு உதைத்தது. திருத்தவில்லை.